கி.மு. ஆண்டுகள் எங்கிருந்து வருகின்றன? பழைய நாடுகளின் வரலாற்று நூல்களைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

ஹம்முராபி பாபிலோனில் ஆட்சியைத் தொடங்கியது கி.மு. 1792 என்று ஒரு நூல் சொல்லும். இன்னொரு நூலில் 1728 என்று இருக்கும். நூலகத்தில் பழைய பதிப்பு ஏதாவது கையில் அகப்பட்டால் அதில் 1848 என்றும் பார்க்கலாம். மூன்றில் எதுவும் அச்சுப்பிழை இல்லை. முதல் இரண்டுக்கும் இடையே சரியாக 64 ஆண்டுகள். 1848-க்கும் 1792-க்கும் இடையே சரியாக 56. இந்த இரண்டு எண்களும் வெள்ளிக் கோள் வானத்தில் தோன்றி மறையும் கணக்கிலிருந்து வந்தவை.

மெசபடோமியா, எகிப்து, பண்டைய இந்தியா என்று எந்த நிலத்தைப் பற்றிய நூலானாலும் அதில் உள்ள ஒவ்வொரு கி.மு. ஆண்டும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு சான்றிலிருந்து கணக்கிட்டு எடுத்தது. எந்தச் சான்று என்று தெரிந்தால்தான் அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது தெரியும். அரசர் பெயர்களையும் கடவுளர் பெயர்களையும் மனப்பாடம் செய்வதற்கு முன்னால் இதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

அவர்கள் ஆண்டை எண்ணிய விதம்

கிறிஸ்து பிறப்பிலிருந்து ஆண்டு எண்ணும் முறையை கி.பி. 525-இல் டயனிசியஸ் எக்சிகுவஸ் என்ற துறவி ஈஸ்டர் நாள் அட்டவணைக்காக வகுத்தார். அதிலிருந்து பின்னோக்கி கி.மு. என்று எண்ணுவது இன்னும் பிற்பட்ட வழக்கம். இந்த முறையில் பூஜ்ய ஆண்டு கிடையாது, கி.மு. 1 முடிந்ததும் கி.பி. 1. எனவே கி.மு. 44-லிருந்து கி.பி. 2024 வரை எத்தனை ஆண்டு என்றால், இரண்டையும் கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும்: 2067. வானியலாளர்கள் மட்டும் பூஜ்யத்தைச் சேர்த்து எண்ணுவார்கள். அவர்களுடைய கழித்தல் 762 என்பது நமக்கு கி.மு. 763. கிரகண அட்டவணைகளைப் பார்க்கும்போது பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

பண்டைய பாபிலோனில் ஆண்டுகளுக்கு எண் இல்லை, பெயர் இருந்தது. அரசன் செய்த ஒரு செயலைச் சொல்லி அந்த ஆண்டை அழைப்பார்கள். ஹம்முராபியின் 31-ஆம் ஆண்டின் பெயர் லார்சா நகரத்து அரசன் ரிம்-சின்னை வென்றதைக் குறிக்கிறது. ஆனால் நூல்கள் லார்சா வீழ்ந்த ஆண்டாக 1763-ஐத் தருகின்றன. முதல் ஆண்டு 1792 என்றால் 31-ஆம் ஆண்டு 1762 ஆயிற்றே என்று கேட்கலாம். ஓராண்டுக்குப் பெயர் சூட்டும்போது பெரும்பாலும் அதற்கு முந்தைய ஆண்டின் நிகழ்ச்சியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஓராண்டு வேறுபாடு அங்கிருந்து வருகிறது.

அசிரியாவில் ஒவ்வோர் ஆண்டும் ஓர் உயர் அதிகாரியின் பெயரைப் பெற்றது. அந்தப் பெயர்களை வரிசையாக எழுதிய பட்டியல்கள் கிடைத்திருக்கின்றன. எகிப்தில் பிரமிடுகள் எழுந்த 'பழைய அரசு' காலத்தில் நாட்டின் கால்நடைகளை எண்ணும் கணக்கெடுப்பை வைத்து ஆண்டைச் சொன்னார்கள்: 'பதின்மூன்றாம் கணக்கெடுப்பு ஆண்டு', 'பதின்மூன்றாம் கணக்கெடுப்புக்குப் பின்வந்த ஆண்டு' என்று. கணக்கெடுப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடந்ததா, சில சமயம் ஆண்டுதோறும் நடந்ததா என்பதைப் பொறுத்து ஆட்சிக்காலம் ஏறத்தாழ இருமடங்காகவோ பாதியாகவோ மாறிவிடும். 2013-இல் செங்கடல் கரையில் வாதி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகள் கூஃபு அரசனின் பெரிய பிரமிடுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் சென்றதைப் பதிவு செய்பவை. அவை பதின்மூன்றாம் கணக்கெடுப்புக்குப் பின்வந்த ஆண்டைச் சேர்ந்தவை. ஈராண்டுக் கணக்கு சரியென்றால் அது கூஃபுவின் 26 அல்லது 27-ஆம் ஆண்டு. பல நூல்களில் அவனுக்கு 23 ஆண்டு ஆட்சி என்று இருப்பது டூரின் பாப்பிரஸ் என்ற பிற்கால அரசர் பட்டியலிலிருந்து வந்தது. இரண்டு சான்றும் மோதுகின்றன. புதிய நூல்கள் பெரும்பாலும் கூடுதல் காலத்தைத்தான் ஏற்கின்றன.

பட்டியல்கள் எப்படி ஏமாற்றும்

அரசர் பட்டியல் கிடைத்துவிட்டால் கூட்டிக்கொண்டே போகலாம் என்று தோன்றும். ஆக்ஸ்போர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ள சுமேரிய அரசர் பட்டியலில் முதல் அரசன் அலுலிம் 28,800 ஆண்டுகள் ஆண்டான். வெள்ளத்துக்கு முன் எட்டு அரசர்கள். மொத்தம் 2,41,200 ஆண்டுகள். இரண்டு எண்களும் 3,600-இன் மடங்குகள். சுமேரியரின் அறுபதடிமான எண்முறையில் அது ஒரு பெரிய அலகு. இறையனார் களவியல் உரை மூன்று சங்கங்களுக்கும் 4,440, 3,700, 1,850 ஆண்டுகளைத் தருகிறது. மூன்றுமே 37-இன் மடங்குகள். இப்படி ஒரே எண்ணின் மடங்குகளாக வருபவை ஆண்டுக் குறிப்பேட்டிலிருந்து எடுக்கப்பட்டவை ஆகா. ஒரு மரபு தன் தொன்மையைத் தானே எப்படி நினைத்துப் பார்த்தது என்பதற்கான சான்றுகள் அவை. அந்த வகையில் அவை மிக மதிப்புள்ளவை, ஆண்டுக் கணக்குக்கு மட்டும் உதவமாட்டா.

ஐயம் வந்தால் சராசரி ஆட்சிக்காலத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். உறுதியான ஆண்டுகள் உள்ள அசிரியாவில் 911 முதல் 669 வரை 14 அரசர்கள் 243 ஆண்டுகள் ஆண்டார்கள். சராசரி 17 ஆண்டுக்குச் சற்று மேல். தந்தைக்குப் பின் மகன் என்று பெரும்பாலும் தடையில்லாமல் போன பாபிலோனின் முதல் மரபில் 11 அரசர்களுக்கு 300 ஆண்டுகள், சராசரி 27. நீண்ட வரிசை ஒன்றில் சராசரி 30-ஐத் தாண்டினாலே நின்று யோசிக்க வேண்டும். களவியல் உரை முதற்சங்கத்துக்குச் சொல்லும் 89 பாண்டியர்களுக்கு 4,440 ஆண்டு என்றால் ஆளுக்கு 50 ஆண்டு ஆகிறது.

பட்டியலின் இன்னொரு குறை, அது எல்லாரையும் ஒருவர் பின் ஒருவராக நிறுத்திவிடும். ஒரே காலத்தில் இரண்டு நகரங்களில் ஆண்ட இரண்டு மரபுகளும் அடுத்தடுத்து வந்தவை போலத் தெரியும். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் மனெத்தோ என்ற எகிப்தியப் பூசாரி தம் நாட்டு அரசர்களை 30 மரபுகளாகப் பகுத்தார். இன்றைய நூல்களிலும் 'பதினெட்டாம் மரபு' என்றெல்லாம் படிப்பது அவருடைய பகுப்பைத்தான். அவருடைய நூல் நமக்குக் கிடைக்கவில்லை. ஜோசீஃபஸ், ஆஃப்ரிக்கானஸ், யுசீபியஸ் ஆகிய பிற்கால எழுத்தாளர்கள் எடுத்தாண்ட பகுதிகளே மிச்சம், அவையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. அந்த எண்களை அப்படியே கூட்டித்தான் 19-ஆம் நூற்றாண்டில் ஓகுஸ்ட் மரியெத் எகிப்தின் முதல் மரபை கி.மு. 5004-இல் தொடங்கினார். இன்று அது கி.மு. 3100-ஐ ஒட்டி வைக்கப்படுகிறது. விடுபடல்களும் உண்டு. அபிடோஸ் கோயில் சுவரில் முதலாம் சேத்தி பொறித்த 76 அரசர் பெயர்களில் ஹத்செப்சுத்தும் இல்லை, அக்னாத்தனும் இல்லை, துத்தன்காமனும் இல்லை. சமயத்தாலோ அரசியலாலோ வேண்டாதவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

முளை அடித்த இடம்: கி.மு. 763

பட்டியல் சரியாகவே இருந்தாலும் அது மாடு கட்டும் கயிறு போன்றது; எங்காவது முளை அடித்தால்தான் நிற்கும். மெசபடோமிய வரலாற்றின் முதன்மையான முளை ஒரே ஒரு வரி. அசிரிய ஆண்டுப் பட்டியலில், குசானா மாகாண ஆளுநர் பூர்-சகலேவின் பெயர் பெற்ற ஆண்டுக்கு நேரே, அசுர் நகரில் கலகம் நடந்தது என்றும் சிமானு மாதத்தில் சூரிய கிரகணம் ஏற்பட்டது என்றும் எழுதியிருக்கிறது. சிமானு என்பது மே, ஜூன் மாதங்களில் வருவது. வட மெசபடோமியாவில் அந்தப் பருவத்தில் பெரிதாகத் தெரிந்திருக்கக்கூடிய கிரகணம் கி.மு. 763 ஜூன் 15-ஆம் நாளுடையது.

கிரகணங்கள் பல நடக்கின்றனவே, இது மட்டும் எப்படி உறுதி என்று கேட்பது நியாயம். பழைய நூல்களில் வரும் 'பகல் இருண்டது' என்ற வரியை வைத்து ஆண்டு சொல்பவர்களை எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். இங்கே மூன்று விஷயங்கள் ஒன்றுசேர்கின்றன: மாதத்தின் பெயர் இருக்கிறது, இடம் தெரியும், மூன்றாவதாக, வேறொரு தனிப் பட்டியலும் ஒத்துப்போகிறது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த வானியலாளர் தாலமியின் பெயரில் வழங்கும் அரசர் பட்டியல் கி.மு. 747-இல் பாபிலோனின் நபோனாசரில் தொடங்குகிறது. பாபிலோனையும் சேர்த்து ஆண்ட அசிரிய அரசர்கள் இரண்டு பட்டியலிலும் வருகிறார்கள், ஆண்டுகள் பொருந்துகின்றன. இதனால் 910 முதல் 649 வரை அசிரியாவின் ஒவ்வோர் ஆண்டையும் பெயர் சொல்லிக் காட்ட முடிகிறது.

அதற்குப் பின் வரும் நூற்றாண்டுகளுக்கு பாபிலோனியர்களின் வானக் குறிப்பேடுகளே போதும். பெர்லினில் உள்ள ஒரு களிமண் பலகை பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சாரின் 37-ஆம் ஆண்டில் நிலவும் கோள்களும் நின்ற இடங்களைக் குறிக்கிறது. அத்தனை கோள்களும் அத்தனை இடங்களில் ஒருசேர நிற்பது கி.மு. 568/567-இல்தான். ஒரு கிரகணத்தைவிட இது பன்மடங்கு உறுதியான சான்று.

568/567 என்று ஏன் எழுதுகிறார்கள்

பாபிலோனிய ஆண்டு வசந்தத்தில், நிசானு மாதத்தில் தொடங்கியது. அது நம் இரண்டு ஆண்டுகளின் மேல் விழும் என்பதால் சாய்கோடு. 'இரண்டில் எது என்று தெரியவில்லை' என்று இதைப் படித்துவிடக் கூடாது. அதைச் சொல்ல 'அல்லது' என்று எழுதுவார்கள்.

இத்துடன் இன்னொரு வழக்கத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். பாபிலோனில் ஓர் அரசன் நடு ஆண்டில் இறந்தால், அந்த ஆண்டின் மிச்சம் புதிய அரசனின் பட்டமேற்பு ஆண்டு. அடுத்த நிசானுவில்தான் அவனுடைய முதல் ஆண்டு தொடங்கும். நேபுகாத்நேச்சார் 605-இல் பட்டமேற்றான்; முதல் ஆண்டு 604 வசந்தத்தில் தொடங்கியது; ஏழாம் ஆண்டு 598/597. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள பாபிலோனியக் குறிப்பேடு, ஏழாம் ஆண்டின் கடைசி மாதமான அதாருவின் இரண்டாம் நாளில் எருசலேம் பிடிபட்டதாகச் சொல்கிறது. கணக்கிட்டால் கி.மு. 597 மார்ச் 16. பண்டைய உலகில் ஒரு நகரம் வீழ்ந்த நாளை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவது அரிது.

விவிலியத்தை எடுத்துப் பார்த்தால் எரேமியா 52:28 இதை நேபுகாத்நேச்சாரின் ஏழாம் ஆண்டு என்கிறது. 2 இராஜாக்கள் 24:12 எட்டாம் ஆண்டு என்கிறது. பட்டமேற்பு ஆண்டைத் தனியாக வைத்தால் ஏழு, அதையே முதல் ஆண்டாக எண்ணினால் எட்டு. பத்து ஆண்டுக்குப் பின் நடந்த இரண்டாவது வீழ்ச்சியில் ஆலயம் எரிக்கப்பட்டது. அதைச் சில நூல்கள் 587 என்றும் சில 586 என்றும் சொல்வதற்கு இத்தகைய எண்ணும் முறைகளே காரணம். அந்தப் பகுதிக்குப் பாபிலோனியக் குறிப்பேடு நமக்குக் கிடைக்கவில்லை என்பதால் அந்த ஓராண்டு இன்னும் தீரவில்லை.

ஒரு நாட்டின் முளையில் இன்னொரு நாட்டைக் கட்டுவது

சொந்தமாக முளை இல்லாத நாடுகளுக்கு ஆண்டு கிடைப்பது சமகாலச் சான்றால். 1887-இல் எகிப்தின் அமர்னாவில் கிடைத்த களிமண் கடிதங்கள் சுமார் 350. அவற்றில் பாபிலோனின் புர்னாபுரியாசும் அசிரியாவின் அசுர்-உபாலிட்டும் எகிப்திய அரசர்களுக்கு எழுதியவை இருக்கின்றன. ஒரே கட்டில் மூன்று நாட்டு அரசர்களும் சமகாலத்தவர்களாகி விடுகிறார்கள். அசிரியக் கணக்கை வைத்து எகிப்தையும் எகிப்தை வைத்து அனத்தோலியாவை (இன்றைய துருக்கி) ஆண்ட ஹித்தைட்டுகளையும் சரிபார்க்க முடிவது இதனால்தான்.

இந்திய வரலாற்றின் காலவரிசைக்கும் இத்தகைய ஒரு கல்வெட்டே அடித்தளம். அசோகரின் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டு ஐந்து யவன அரசர்களைப் பெயர் சொல்கிறது: அந்தியோக, துரமாய, அந்திகினி, மக, அலிகசுதர. சிரியாவின் இரண்டாம் ஆண்டியோகஸ், எகிப்தின் இரண்டாம் தாலமி, மாசிடோனியாவின் ஆண்டிகோனஸ், சைரீனின் மாகஸ் என்று முதல் நால்வரையும் அடையாளம் காண்கிறார்கள். ஐந்தாமவர் எபிரஸ் நாட்டு அலெக்சாந்தரா, கொரிந்துவின் அலெக்சாந்தரா என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு. கிரேக்க ஆண்டுகள் நமக்குத் தெரியும். ஆண்டியோகஸ் 261-இல் அரசனானான், மாகஸ் 250-ஐ ஒட்டி இறந்தான். ஐவரும் உயிரோடிருந்த குறுகிய காலத்துக்குள் கல்வெட்டுச் செய்தி விழுந்தாக வேண்டும். அதிலிருந்து பின்னோக்கி எண்ணி அசோகரின் முடிசூட்டை 268-ஐ ஒட்டி வைக்கிறார்கள். அதே கல்வெட்டில் சோழரும் பாண்டியரும் வருவதால் கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அவர்கள் அறியப்பட்ட அரசுகள் என்று தயங்காமல் சொல்ல முடிகிறது.

சமகாலச் சான்று எல்லாமே இவ்வளவு வலுவானது அல்ல. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது 'கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தனும்' வந்திருந்தான் என்கிறது சிலப்பதிகாரம். மகாவம்ச வரிசைப்படி முதலாம் கஜபாகு கி.பி. 2-ஆம் நூற்றாண்டு. சங்ககாலத்துக்கு ஆண்டு சொல்லும் நூல்களில் பெரும்பகுதி இந்த ஒரு முடிச்சில் தொங்குகிறது. ஆனால் அசோகர் கல்வெட்டு அரசன் உயிரோடிருந்தபோதே வெட்டியது; இங்கே இருப்பது காப்பியத்தின் செய்தி, மறுபக்கத்தில் மகாவம்சம் இந்தப் பயணத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ரோமானிய நாணயங்கள், தமிழி எழுத்துப் பொறிப்புகள் ஆகியவற்றோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் அந்த நூற்றாண்டுக்கு வலு கிடைக்கிறது.

புத்தர் மறைந்த ஆண்டும் அசோகரில்தான் கட்டப்பட்டிருக்கிறது. இலங்கை நூல்கள் பரிநிர்வாணத்துக்கும் அசோகர் முடிசூட்டுக்கும் இடையே 218 ஆண்டு என்கின்றன. வட நாட்டு மரபில் அது 100. 268-உடன் கூட்டினால் ஒன்றில் 486, மற்றொன்றில் 368. தேரவாத நாடுகளில் வழங்கும் 544/543 தனி மரபு. ஒரு நூல் 486 அல்லது 483 என்றும் மற்றொன்று 400-ஐ ஒட்டி என்றும் சொன்னால், எந்த இடைவெளியை எவ்வளவு நம்பினார்கள் என்பதே வேறுபாடு.

வெள்ளியும் 56, 64 என்ற எண்களும்

763-லிருந்து பின்னோக்கிப் போனால் அசிரிய அரசர் பட்டியலின் துணையோடு கி.மு. 14-ஆம் நூற்றாண்டு வரை பத்தாண்டு பிசகுக்குள் போய்விடலாம். அதற்கு அப்பால் கயிறு அறுந்துவிடுகிறது. ஹித்தைட்டு அரசன் முதலாம் முர்சிலி பாபிலோனைத் தாக்கி வீழ்த்தியபின் அங்கே ஆண்ட காசைட்டு மரபு அரசர்களின் தொடக்க காலத்துக்கு நம்பகமான ஆட்சிக்கணக்கு இல்லை. அறுந்த இடத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு துண்டு இருக்கிறது. ஹம்முராபியின் முதல் ஆண்டிலிருந்து அவன் மரபில் பின்வந்த அம்மிசதுகாவின் முதல் ஆண்டு வரை 146, அங்கிருந்து பாபிலோனின் வீழ்ச்சி வரை 51 என்று ஆண்டுப் பெயர்களால் அது நன்றாகவே தெரியும். எவ்வளவு தொலைவில் வைப்பது என்பதுதான் கேள்வி.

விடை தேட உதவுவது நினிவேயில் அசிரிய அரசன் அசுர்பானிபாலின் நூலகத்தில் கிடைத்த ஒரு பலகை. 21 ஆண்டுகளாக வெள்ளி எந்த நாளில் மறைந்தது, எத்தனை நாள் கழித்து மறுபடி தோன்றியது என்று அதில் இருக்கிறது. நடுவே 'தங்கச் சிம்மாசன ஆண்டு' என்ற சொற்கள் கிடக்கின்றன. அது அம்மிசதுகாவின் எட்டாம் ஆண்டின் பெயர் என்று 1912-இல் குக்லர் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்தார். கோள் கணக்கைப் பின்னோக்கி ஓட்டினால் ஆண்டு கிடைத்துவிடும் என்று எல்லாரும் நம்பினார்கள்.

கிடைத்தது ஒன்றுக்கு மேற்பட்ட விடை. வெள்ளி 8 ஆண்டுக்கு ஒருமுறை ஏறத்தாழ அதே நாளில் அதே இடத்துக்குத் திரும்புகிறது. பாபிலோனிய மாதமோ பிறையைப் பொறுத்தது. இரண்டும் சேர்ந்து நன்றாகப் பொருந்துவது 56 அல்லது 64 ஆண்டுக்கு ஒருமுறை. எனவே அம்மிசதுகாவின் முதல் ஆண்டு 1702 ஆகலாம், 1646 ஆகலாம், 1582-உம் ஆகலாம். இவற்றையே உயர் காலவரிசை, நடுக் காலவரிசை, தாழ் காலவரிசை என்கிறார்கள். பாபிலோன் வீழ்ந்த ஆண்டு முறையே 1651, 1595, 1531. போதாததற்கு அந்தப் பலகை நிகழ்ச்சிக்கு ஆயிரமாண்டு அளவில் பின்னால் எடுத்த படி. படியெடுத்தவர்கள் எண்களைத் தவறாக எழுதிய இடங்கள் பல. அதனாலேயே 1998-இல் ஓர் ஆய்வுக்குழு வீழ்ச்சியை 1499 வரை கீழே இறக்கியது.

இப்போது மரவளையங்கள் உதவிக்கு வந்திருக்கின்றன. அனத்தோலியாவில் கூல்தெப்பே, அசெம்ஹுயுக் அரண்மனைகளின் மரத்தூண்களை ஆய்ந்து 2016-இல் வெளியான முடிவு, நடுக் காலவரிசை அல்லது அதற்கு எட்டாண்டு பிந்திய ஒன்று ஆகிய இரண்டுக்கு மட்டுமே இடம் தருகிறது. பெரும்பாலான பொது நூல்கள் ஏற்கெனவே நடுக் காலவரிசையைத்தான் பின்பற்றுகின்றன.

எகிப்தில் வானம் தந்த சிக்கல்

எகிப்திய ஆண்டு சரியாக 365 நாள். கால் நாளைச் சேர்க்கவில்லை. அதனால் நாட்காட்டி நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் நழுவியது. விடியலுக்கு முன் சிரியஸ் விண்மீன் முதன்முதலாகத் தோன்றும் நாள் ஆண்டின் முதல் நாளில் விழுந்தால், மறுபடி அங்கே வர 1,460 ஆண்டுகள் ஆகும். கி.பி. 139-இல் அப்படி விழுந்ததாக சென்சோரினஸ் என்ற ரோமானியர் எழுதியிருக்கிறார். பின்னோக்கிப் போனால் முந்தைய பொருத்தங்கள் கி.மு. 1322-ஐயும் 2782-ஐயும் ஒட்டி வருகின்றன.

மூன்றாம் செனுஸ்ரெட்டின் ஏழாம் ஆண்டு பாப்பிரஸ் ஒன்று, விண்மீன் தோன்றும் நாளை இரண்டாம் பருவத்தின் நான்காம் மாதம் 16 என்கிறது. ஆண்டின் தொடக்கத்திலிருந்து எண்ணினால் 226-ஆம் நாள். அதாவது 225 நாள் நழுவியிருக்கிறது. 225-ஐ நான்கால் பெருக்கினால் 900 ஆண்டு. 2782-லிருந்து கழித்தால் 1880 அளவில் வருகிறது. சிரியஸின் நுண்ணிய இயக்கத்தைச் சேர்த்தால் 1872-ஐ ஒட்டி. இந்தக் கணக்கைத் தாளில் ஒருமுறை போட்டுப் பாருங்கள், எகிப்தியக் காலவரிசை நூல்கள் திடீரென்று புரியத் தொடங்கும்.

பிசகு எங்கே வரும் என்றால், பார்த்தது எந்த ஊரிலிருந்து என்பதில். ஒரு பாகை தெற்கே போனால் விண்மீன் ஏறத்தாழ ஒரு நாள் முன்னதாகத் தெரியும். ஒரு நாள் என்றால் நான்கு ஆண்டு. வடக்கே மெம்ஃபிஸில் பார்த்ததாகக் கொண்டால் ஓர் ஆண்டு, தென்கோடியில் அஸ்வான் பக்கம் பார்த்ததாகக் கொண்டால் ஏறத்தாழ கால் நூற்றாண்டு குறைவான ஆண்டு. இரண்டாம் ராம்சேஸின் தொடக்கம் பழைய நூல்களில் 1304, 1290 என்றும் இன்று 1279 என்றும் இருப்பது வேறு காரணத்தால். அது அவனுடைய 52-ஆம் ஆண்டுப் பிறை நாளில் நிற்கிறது. எகிப்திய நாட்காட்டியில் அதே பிறை 25 ஆண்டில் திரும்பும், இடையில் 11, 14 ஆண்டுகளிலும் ஏறத்தாழப் பொருந்தும்.

கதிர்க்கரிமம் தரும் எண்

மரக்கரி, விதை, எலும்பு ஆகியவற்றில் உள்ள கரிமம்-14 அளவை வைத்து ஆய்வகம் சொல்லும் வயது 1950-லிருந்து பின்னோக்கி எண்ணப்படுவது. அது நாட்காட்டி ஆண்டு அல்ல. 4,000 என்று வந்தால் 1950-ஐக் கழித்து கி.மு. 2050 என்று எழுதுவது பெரும் பிழை. மரவளையங்களோடு ஒப்பிட்டுத் திருத்தினால் அது கி.மு. 2500-ஐ ஒட்டிப் போகும். 1970-க்கு முன் வந்த நூல்களில் திருத்தாத எண்களே மிகுதி. அடுத்த சிக்கல் மாதிரி. தூணின் நடுமரம் மரம் வளர்ந்த காலத்தைச் சொல்லும், கட்டடம் எரிந்த காலத்தைச் சொல்லாது. ஓராண்டில் விளைந்த தானியமே நல்ல மாதிரி.

கி.மு. 800-க்கும் 400-க்கும் இடையே, கதிர்க்கரிம வயதை நாட்காட்டி ஆண்டாக மாற்ற உதவும் திருத்த வளைகோடு ஏறக்குறைய தட்டையாகக் கிடக்கிறது. அந்த நானூறு ஆண்டில் எதைச் சோதித்தாலும் விடை அகன்ற இடைவெளியாகவே வரும். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரிக்குத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் அறிவித்த கி.மு. 580 இந்தப் பகுதிக்குள் விழுகிறது. அதை ஒற்றை ஆண்டாக நினைவில் வைப்பதைவிட கி.மு. 6-ஆம் நூற்றாண்டைச் சுற்றிய ஓர் இடைவெளியாகப் படிப்பதே முறை. அதே ஆழத்தின் பானையோடுகளும் எழுத்துப் பொறிப்புகளும் சேரும்போதுதான் இடைவெளி சுருங்கும்.

நூலைக் கையில் எடுத்ததும்

முதல் அத்தியாயத்துக்குப் போகாமல் முன்னுரையில் அல்லது பின்னிணைப்பில் 'காலவரிசை பற்றிய குறிப்பு' இருக்கிறதா என்று தேடுங்கள். நல்ல நூல்களில் அரைப் பக்கமாவது இருக்கும். எந்தக் காலவரிசையைப் பின்பற்றுகிறோம் என்று அங்கே சொல்லியிருப்பார்கள். குறிப்பு இல்லையென்றால் ஹம்முராபியின் ஆண்டைப் பாருங்கள். 1792 என்றால் நடு, 1848 என்றால் உயர், 1728 என்றால் தாழ். எகிப்து நூலானால் இரண்டாம் ராம்சேஸ். முதல் பதிப்பு வந்த ஆண்டையும் பாருங்கள். மறுபதிப்பு ஆண்டு ஏமாற்றும். 'சுமார்', 'ஒட்டி' என்ற சொற்களைத் தாண்டிப் போகாதீர்கள், ஆசிரியர் அவற்றைக் காரணத்தோடுதான் வைத்திருப்பார்.

தொடக்கநிலை வாசகர்கள் செய்யும் பெரிய தவறு, இரண்டு நூல்களிலிருந்து ஆண்டுகளை எடுத்து ஒரே அட்டவணையில் போடுவது. எகிப்தின் அஹ்மோஸ் பதினெட்டாம் மரபைத் தொடங்கியது 1550-ஐ ஒட்டி. நடுக் காலவரிசை நூலிலிருந்து பாபிலோனின் வீழ்ச்சியை எடுத்தால் அது அஹ்மோஸுக்கு 45 ஆண்டு முன்; தாழ் காலவரிசை நூலிலிருந்து எடுத்தால் அவன் பட்டமேற்றபின் 19 ஆண்டு கழித்து. எது முன் எது பின் என்பதே தலைகீழாகி, ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று தவறான முடிவுக்கும் போய்விடலாம். இரண்டு நூல்களில் ஒரே நிகழ்ச்சிக்கு 56, 64 அல்லது 120 ஆண்டு வேறுபாடு கண்டால் கலங்க வேண்டாம். காலவரிசை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஒன்றைத் தேர்ந்துகொண்டு மற்றதைக் கூட்டியோ கழித்தோ மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இந்த மாற்றம் அறுந்த இடத்துக்கு முந்தைய பகுதிக்கு மட்டுமே பொருந்தும். அசுர்-உபாலிட்டின் ஆண்டிலோ நேபுகாத்நேச்சாரின் ஆண்டிலோ 64-ஐக் கழித்துவிடக் கூடாது.

சொந்தமாக அட்டவணை எழுதுவதானால் முளைகளை முதலில் போடுங்கள்: 763, 597, 568/567, அலெக்சாந்தர் கவ்கமேலாவில் வென்ற 331. அந்தப் போருக்குப் பதினொரு நாள் முன் நடந்த சந்திர கிரகணம் பாபிலோனியக் குறிப்பேட்டிலும் இருப்பதால் அதுவும் உறுதியானது. பிறகு ஆட்சிக்கால நீளங்களைத் தனி நிரலில் எழுதுங்கள். 'ஹம்முராபி 43 ஆண்டு' என்பது எந்தக் காலவரிசையிலும் மாறாது, கி.மு. எண்தான் மாறும். மூன்றாவது நிரலில் கி.மு. ஆண்டு, நான்காவதில் அது எதிலிருந்து வந்தது: கிரகணம், பட்டியல், சமகாலக் கடிதம், விண்மீன், கதிர்க்கரிமம். நான்காவது நிரல் காலியாக இருக்கும் ஆண்டுகளை அடுத்த நூல் கிடைக்கும்போது சரிபாருங்கள்.